மலையைப் பார்க்கும் நேரம்

கால்பந்து நடுவராக இருப்பவரிடம் கண்ணைப் பற்றி யாரும் புதிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. விசிலை வாயில் வைத்த நாளிலிருந்து நம் நடுவர் கேட்டுவருகிற ஒரே கேள்வி, "கண்ணு தெரியலையா?" என்பதுதான். தோற்கிற அணி கேட்கும். சில நாள் ஜெயிக்கிற அணியும், இருக்கட்டுமே என்று கேட்டு வைக்கும். வீட்டுக்கு வந்தால், கட்டில்மேல் கிடக்கும் ஈரத் துண்டைக் காட்டி மனைவியும் அதையே கேட்பார். மனிதர் அசைந்து கொடுத்ததில்லை. தன் கண்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பந்தைப் பார்த்துக்கொண்டே, எல்லையை ஒரு பாதம் தாண்டி நிற்கிறவனை ஓரக்கண்ணால் பிடித்துவிடுவார். அந்த ஓரக்கண்தான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டது.

ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில் அவருடைய வலது ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டியது. வானத்தில் மேகம் இல்லை. எவனோ கேமராவில் வெளிச்சம் போட்டுப் படம் எடுக்கிறான் என்று முடிவுகட்டி, ஆட்டத்தை நிறுத்தி, வலப்பக்கக் கூட்டத்திடம் போய் விசாரணை நடத்தினார். கேமரா வைத்திருந்தவர் யாரும் அங்கே இல்லை. குடை வைத்திருந்த ஒரு பெரியவர்தான் இருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று குடையை வாங்கி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். மின்னல் மறுபடியும் வெட்டியது. கூடவே கரித்தூளைத் தூவிவிட்டாற்போல் புள்ளிகள் மிதக்கத் தொடங்கின.

வீட்டில் சாப்பிடும்போது வலது கையால் காற்றை விரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, எதை விரட்டறீங்க?" என்றார் மனைவி.

"கொசு."

"கொசு எங்கங்க இருக்கு?"

நடுவர் இன்னொருமுறை விரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ள," என்றார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் துடைக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். புருஷன் கண்ணுக்குள் அழுக்கு என்றால் விடுவாரா? திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, அதே வேனில் அவரை ஏற்றிக்கொண்டு பார்வைப் பாதுகாப்பு நிலையத்துக்குப் போனார். நடுவர்களுக்குக் கண்ணில் எது என்றாலும் முதலில் அங்கேதான் காட்ட வேண்டும் என்பது கால்பந்துச் சங்கத்தின் விதி. நடுவரும் விதி என்றால் விதி என்கிற ஆள்.

நிலையம் கண்ணும் கருத்துமாகக் கட்டப்பட்ட இடம். பொடி எழுத்தைப் படித்தால் கண் களைத்துப்போகும் என்பதால், அறிவிப்புகளை எல்லாம் ஆள் உயர எழுத்தில் சுவரிலேயே தீட்டியிருந்தார்கள். ஆள் உயர எழுத்து என்றால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு சுவர் போதாது. வாசலில் 'கண்ணில்' என்று ஆரம்பித்ததைப் படித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். 'மின்னல்' வலப்பக்கக் கூடத்தில் இருந்தது. 'திடீர்க் கரும்புள்ளிகள்' கழிவறையைத் தாண்டி மாடிப்படி ஏறியது. 'ஓரத்தில் திரை போன்ற நிழல்' மேல்மாடியைச் சுற்றிவந்தது. 'தெரிந்தால் சற்றும் தாமதிக்காமல்' பின்பக்கப் படிகளில் இறங்கியது. மூச்சு வாங்க அவர்கள் தோட்டத்துச் சுவருக்கு வந்தபோது வாக்கியம் முடிந்தது: 'நுழைவாயிலுக்கு அருகில் உள்ள அறைக்கு வரவும்.'

"எழுதியிருக்கறது என்னமோ சரியாத்தான் இருக்கு," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் மனைவி. இருவரும் வந்த வழியே திரும்பினார்கள்.

அந்த அறையில் வெளிச்சத்தில் கண் கூசக்கூடாது என்று பாதி விளக்குகளை அணைத்து வைத்திருந்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் அந்த அரையிருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குக் கெடுதல். உண்மைதான். வெயில் இந்த அறைக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்றாலும், வந்தால் என்ன செய்வது என்று தயாராக இருந்தார்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறவரை எல்லோரும் சொட்டு அக்கா என்றார்கள். நல்ல மனுஷி. முதல் சொட்டை நடுவரின் கன்னத்தில் விட்டார். இரண்டாவதை மூக்கு ஓரத்தில் விட்டார். மூன்றாவதற்குள் நடுவரே தலையை நகர்த்திச் சொட்டுக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேணும்போல இருக்கே அக்கா?" என்றார் வேன்காரம்மா.

சொட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடி பையில இருக்கும்மா. இங்க போடக்கூடாது. பார்வைப் பாதுகாப்பு நிலையத்துல வேலை பார்க்கறவங்களே பவர் கண்ணாடி போட்டா ஊர் சிரிக்காதான்னு பெரிய சார் கேட்டாரு. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதானே சார்னு சொல்லிப் பார்த்தேன். மத்தவங்களுக்கு வரட்டும்னுட்டாரு."

கண் பாப்பா விரிந்ததும் நடுவரை மருத்துவரின் அறையில் உட்காரவைத்தார்கள். மருத்துவர் நல்லவர், படித்தவர், அவசரப்படாதவர். நடுவர் மின்னலைப் பற்றிச் சொன்னதுமே அவர் முகம் மாறியது. "எப்போலேர்ந்து? சனிக்கிழமையா? தாடையை இதுல வைங்க, அசையாதீங்க," என்று கண்ணுக்குள் பார்க்கும் கண்ணாடி வில்லையைக் கையில் எடுத்தார். அப்போது மணி அடித்தது.

மருத்துவர் வில்லையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நடுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். சொட்டு அக்கா நின்றார். கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு நின்றார். மற்ற அறைகளில் இருந்த ஊழியர்களும் வந்து நின்றார்கள். எல்லோரும் எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள். சுவரில் ஒரு மலை வரைந்திருந்தது.

இந்த மலையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். கிட்டத்தில் இருப்பதையே உற்றுப் பார்த்து வேலை செய்கிறவர்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்த்தால் கண் இளைப்பாறும். இது நல்ல யோசனை. யாரும் செய்யலாம், செலவில்லாதது. நிலையத்தில் இந்த நல்ல யோசனை ஒரு குழுவின் கையில் மாட்டிக்கொண்டது. இருபது விநாடி என்பது ஒரு நிறுவனத்தின் கௌரவத்துக்குப் போதாது என்று குழு கருதியது. எனவே மணி அடித்தல், எழுந்து நிற்றல், உறுதிமொழி, தூரம் பார்த்தல், இமை கொட்டுதல், உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றுதல், நன்றியுரை என்று அதை நீட்டினார்கள். தூரம் பார்க்க ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அதனால் ஓவியரைக் கூப்பிட்டுச் சுவரில் மலை வரையச் சொன்னார்கள். மலை கிட்டத்தில் இருப்பதாகச் சிலர் ஆட்சேபித்தார்கள். ஓவியர் அதை அழித்துவிட்டுச் சின்னதாக வரைந்தார். சின்னதானால் தூரம் கூடும் அல்லவா? இன்னும் தூரம் வேண்டும் என்றார்கள். இன்னும் சின்னதாக வரைந்தார். இப்போது மலை ஒரு பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஊழியர்கள் சுவருக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

நன்றியுரை முடிந்து மருத்துவர் உட்கார்ந்தார். வில்லையைத் துடைத்தார். தாடையைச் சரியாக வைக்கச் சொன்னார். வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சுவதற்குள் மணி அடித்தது. இப்படியே பொழுது சாய்ந்தது.

"புதன்கிழமை வாங்க," என்றார் மருத்துவர், மலையைப் பார்த்தபடி. அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தப்பட அங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை.

"வேற எங்கயாவது போயிடலாங்க," என்றார் மனைவி, வேனில்.

"ஆரம்பிச்ச ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு வரக்கூடாது," என்றார் நடுவர். ஒரு மனிதர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது எப்படி என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை அவருடைய வலது ஓரத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் யாரும் இல்லை. மத்தியானம் அந்த ஆள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தான். சாயங்காலம் அது ஆள் இல்லை, நிழல் என்று புரிந்தது. ஜன்னல் திரையை ஒரு பக்கத்திலிருந்து மெல்ல இழுத்து மூடுவதைப்போல் வந்துகொண்டிருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மனைவியின் முகத்தில் வலப்பக்கக் காது இல்லை.

நடுவர் பயந்துபோனார். அவருக்குப் பயம் பழக்கம் இல்லை. ஆயிரம் பேர் கல்லோடு நின்றபோதுகூட விசிலைக் கீழே இறக்காதவர், அன்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஓரம் போயிடுச்சும்மா," என்றார்.  தான் அழுதால் அவர் இன்னும் பயப்படுவார் என்று மனைவி, "உளறாதீங்க. சட்டையை மாட்டுங்க, இப்பவே போலாம்," என்று அதட்டினார். போனார்கள். நிலையம் பூட்டியிருந்தது. கதவில், ஊழியர்களின் கண்கள் இளைப்பாறும் அரைநாள் என்று ஆள் உயர எழுத்தில் போட்டிருந்தது.

புதன்கிழமை கதவு திறக்கும்போது இருவரும் வாசலில் நின்றார்கள். நிழல் பற்றிக் கேட்டதும் மருத்துவர் பதறி, "வாங்க வாங்க, உடனே பார்க்கணும்," என்றார். உடனே பார்ப்பது என்பது வரிசையை மீறுவது. வரிசையை மீறத் தலைவரின் வாய்மொழி உத்தரவு வேண்டும். எனவே முதலில் தலைவரிடம் அனுப்பினார்கள்.

நிலையத் தலைவர் கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒருமுறை மோதிச் சரிபார்த்துவிட்டு உள்ளே வந்தார். மூலையில் நின்ற மேல்சட்டை மாட்டும் கம்பத்துக்குக் கைகூப்பி, "உட்காருங்கம்மா," என்றார். வேன்காரம்மா தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இவருக்குக் கண்ணுல மின்னல் வந்துச்சு, இப்ப நிழல் விழுது. டாக்டர் உடனே பார்க்கணும்ங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்றேன்," என்றார் தலைவர். அவர் ஒரு வார்த்தையில் நிறுத்துகிறவர் அல்ல. "இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்க ஊழியர் ஒருத்தருக்குக்கூடக் கண் வலின்னு வந்ததில்லை. கவனிச்சீங்களா, ஒருத்தர்கூட மூக்குக் கண்ணாடி போடலை. இதுக்குப் பேர்தான் பாதுகாப்பு. ஆனா மருத்துவருங்க என்ன பண்றாங்க? நோயாளியோட கண்ணை இவ்வளவு கிட்டத்துல வச்சுப் பார்க்கறாங்க. கிட்டத்துல பார்த்தா யார் கண் கெடும்? பார்க்கறவங்க கண்ணுதானே? அதைக் குறைச்சுக்கிட்டே வர்றோம். போன வருஷம் பாதியாக் குறைச்சோம். அடுத்த வருஷம் சுத்தமா நிறுத்திடுவோம்."

"அப்ப நோயாளிங்க?" என்றார் வேன்காரம்மா.

"அவங்க வர்றப்பவே நோயோட வர்றாங்களேம்மா! பாதுகாப்புன்னா வர்றதுக்கு முன்னாடி. இவருக்கு ஏற்கெனவே வந்துடுச்சு. வர்றதுக்கு முன்னாடி வந்திருக்கணும்."

"வந்திருந்தா பார்த்திருப்பீங்களா ஐயா?" என்றார் நடுவர் ஆவலாக.

"நோயே இல்லாதவரை எதுக்குப் பார்க்கணும்?" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. பிறகு கம்பத்தின் பக்கம் திரும்பி, "என்னையே எடுத்துக்குங்க. இந்த வயசுலயும் கண்ணாடி கிடையாது. ரெண்டு மூணு வருஷமா இந்த ஊர்லதான் பனிமூட்டம் ஜாஸ்தியா இருக்கு. ராத்திரியில எதிர்ல வர்ற வண்டி விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. இப்பல்லாம் விளக்கு செய்யறவன் சரியில்லை," என்றார்.

வாசலில் நின்ற சொட்டு அக்கா வேன்காரம்மாவின் காதில், "கண்புரை. நல்லா முத்திடுச்சு. சின்ன ஆபரேஷன்தான், பளிச்சுன்னு ஆயிடும். யாரு போய்ச் சொல்றது?" என்று கிசுகிசுத்தார்.

தலைவர் அனுமதி தந்தார். வரிசையை மீறலாம், ஆனால் மணியை மீறக்கூடாது.

மறுபடியும் சொட்டு மருந்து. மறுபடியும் கன்னம், மூக்கு, கண். மறுபடியும் தாடை. இந்த முறை மருத்துவர் முந்திக்கொண்டார். வில்லையை எடுத்தார், வெளிச்சத்தைப் பாய்ச்சினார், "மேல பாருங்க, வலப்பக்கம், இன்னும்," என்றார்.  "அடடா, இது..." என்றார்.

மணி அடித்தது.

மருத்துவர் வில்லையைக் கீழே வைத்தார். நடுவரின் கண்ணை இன்னொருமுறை பார்த்தார். ஆனாலும் எழுந்தார், திரும்பினார், மலையைத் தேடினார். உறுதிமொழி ஆரம்பமானது. "என் கண்ணை நான் காப்பேன்," என்று முப்பது குரல்கள் சேர்ந்து சொல்லின.

நடுவர் அவர்களுடைய முதுகுகளைப் பார்த்தார். வலப்பக்கம் நின்றவர்களின் முதுகுகள் அவருக்குத் தெரியவில்லை. அவர் அதுவரை யாரிடமும் வாயைத் திறந்து கத்தியவர் இல்லை. அந்த வேலைக்கு அவரிடம் வேறொன்று இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டு விசிலை எடுத்து, நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் அதில் ஊதினார்.

முப்பது பேரும் துள்ளித் திரும்பினார்கள். விசிலுக்குத் திரும்பாத மனிதன் உண்டா? துடைப்பம் கீழே விழுந்தது. நடுவர் எழுந்து நின்று, கையை நீட்டி மருத்துவரைச் சுட்டினார். அந்தக் கைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"மலை ஓடிடாது," என்றார். "இந்தப் பக்கம் வாங்க. 'இது'ன்னு ஆரம்பிச்சீங்களே, முடிங்க."

மருத்துவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "விழித்திரையில கிழிசல் விழுந்து, அது உரிஞ்சுகிட்டே வருது சார். நடுவுல பார்க்கற இடத்துக்கு இன்னும் வரலை. வந்துட்டா அப்புறம் கஷ்டம். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்."

"பண்ணுங்க."

"இங்க கத்தி, ஊசி எதுவும் கிடையாது. கூர்மையான பொருள் கண்ணுக்கு ஆபத்துன்னு உள்ள விடறதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தத் தெருக் கோடியிலதான் இருக்கு."

தெருக் கோடி. வேன்காரம்மா மூன்று நாளாக அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார். போகிற வழியில் நிலையத் தலைவரின் அறைக்குள் நுழைந்து அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு இத்தனை வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று சொட்டு அக்கா பிறகு பல நாள் வியந்தாராம். தலைவர் அவ்வளவையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். கம்பத்தைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மணி இல்லை, மலை இல்லை. கண்ணைப் பார்த்த அம்மையார் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நேரே பார்க்கற பார்வை தப்பிச்சுடும், மெல்ல வரும். ஓரத்துல போனது திரும்பாதுன்னுதான் தோணுது. சுவர்ல ஒட்டின காகிதம் கிழிஞ்ச உடனே ஓரத்தை ஒட்டிட்டா நின்னுடும். உரிஞ்சு தொங்கினப்புறம் ஒட்டினா சுருக்கம் விழத்தான் செய்யும். மின்னலும் புள்ளியும் வந்த அன்னிக்கே கண்ணைக் காட்டியிருந்தா லேசர் வச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஏன் வரலை?"

"நிலையத்துக்குப் போனோம்மா," என்றார் மனைவி. "மலை பார்த்துட்டு இருந்தாங்க."

அம்மையாருக்குப் புரியவில்லை. விளக்கவும் மனைவிக்குத் தெம்பில்லை. அறைக்கு வெளியே போய், சுவரைப் பார்த்து நின்று, அழுதுவிட்டு வந்தார்.

ஒட்டிய விழித்திரை மறுபடி உரியாமல் நிற்க, கொஞ்ச காலம் தலையைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என்றார்கள். எந்த அணிக்கும் தலை குனியாத நடுவர், வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கட்டில்மேல் ஈரத் துண்டு போடுவதை நிறுத்திவிட்டார். மனைவிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. நடந்ததை ஆராய ஒரு குழு போட்டது. மணி அடித்தால் சில ஊழியர்கள் மெதுவாகத் திரும்புவதும், விசில் அடித்தபோது முப்பது பேரும் ஒரே நொடியில் திரும்பியதும் குழுவின் கவனத்துக்கு வந்தன. அந்த வாரமே மணியை எடுத்துவிட்டு விசில் வைத்தார்கள். இப்போது மலையை யாரும் தாமதமாகப் பார்ப்பதில்லை என்று கேள்வி. மருத்துவர் மட்டும் வேலையை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்.

பார்வைப் பாதுகாப்பு விழா வந்தது; அதையொட்டி மைதானத்தில் ஒரு கால்பந்து ஆட்டமும் வைத்தார்கள். இரண்டு கண்ணும் இருக்கிற, ஊருக்குத் தெரிந்த ஒரு முகம் நிலையத்துக்குத் தேவைப்பட்டது. நடுவரின் படத்தைச் சங்கத்திடம் கேட்டு வாங்கி, ஆள் உயரத்தைத் தாண்டிய பலகையாக அடித்து, 'இவர் பார்வையைக் காத்தது நாங்கள்' என்று எழுதி மைதானத்தில் நிறுத்தினார்கள். நடுவரை யாரும் கேட்கவில்லை. அவர் அப்போது நடுவராகவும் இல்லை. ஓரம் தெரியாதவர் கையில் சங்கம் எப்படி விசிலைக் கொடுக்கும்? மரியாதையாக ஒரு இருக்கை கொடுத்தது.

விழா நாளில் மனைவியோடு போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியிருந்தது. புது நடுவர் ஓடிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா வச்சிருக்காங்க அந்தப் பலகையை? கண்ணுல படலையே."

"உங்க வலப்பக்கம்தாங்க. பக்கத்துலயே."

அவர் கழுத்தை முழுக்கத் திருப்பினார். பலகையில் இருந்த நடுவர், வாயில் விசிலோடு, ஓரக்கண்ணால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆள் அந்தக் கண்ணையே வெகுநேரம் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில் ஏதோ தப்பு நடந்திருக்க வேண்டும். கூட்டம் கொதித்து எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்: "யோவ் நடுவரே, கண்ணு தெரியலையா?"

கேட்டது புது நடுவரை. ஆனால் இவர்தான் எழுந்து நின்றார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை. கத்தியவன் இருந்த பக்கம் முழு உடம்போடு திரும்பி, "வலது ஓரம் மட்டும் தெரியலை தம்பி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.